தொலைந்தது கடப்பிதழ் மட்டுமா?

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையோ, அங்கே வேலை செய்யும் தம்பியோ, கல்யாணமாகிப் போன மகளோ கடப்பிதழைத் தொலைத்துவிட்டதாகச் செய்தி வந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: "தூதரகத்துக்குப் போகச் சொல்லு, புதுசா ஒண்ணு கொடுப்பாங்க." இது பாதி சரி. மீதிப் பாதி தெரியாததால்தான், புதிய கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டே விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடப்பிதழ் என்கிற அந்தச் சிறு புத்தகத்துக்குள் இரண்டு அரசாங்கங்களின் பொருள்கள் இருக்கின்றன. புத்தகம் சொந்த நாட்டுக்குரியது. அதில் ஒட்டப்பட்ட விசாவும் குத்தப்பட்ட நுழைவு முத்திரையும் தங்கியிருக்கும் நாட்டுக்குரியவை. புத்தகத்தைத் தூதரகம் திரும்பக் கொடுக்கும். ஆனால் இன்னொரு நாடு கொடுத்த அனுமதியை மலேசியத் தூதரகமோ சிங்கப்பூர்த் தூதரகமோ கொடுக்க முடியாது. அதற்குத் தனிக் கதவு, தனி பாரம், தனிக் காத்திருப்பு. எது முதலில், எது பிறகு என்ற வரிசை புரிந்துவிட்டால் குடும்பத்தின் பதற்றம் பாதி குறையும்.

தமிழ்நாட்டில் படிக்கும் ஒரு மலேசிய மாணவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சென்னை, கோயம்புத்தூர், சிதம்பரம் என்று நம் பிள்ளைகள் காலங்காலமாகப் படிக்கப் போகும் ஊர்கள்தாம் அவை. பேருந்தில் தூங்கிவிட்டார், இறங்கும்போது பையைக் காணோம். பையில் கடப்பிதழ், அதில் மாணவர் விசா.

உண்மையாகவே தொலைந்ததா?

முதல் நாள் செய்ய வேண்டிய வேலை தேடுவதுதான். பலருக்கும் தோன்றாத இடங்களில் கடப்பிதழ் கிடைப்பதுண்டு: நகலெடுக்கும் கடையின் இயந்திரத்துக்கு அடியில், தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில், சிம் கார்டு வாங்கிய கடையில், கல்லூரி அலுவலகக் கோப்பில். சில முகவர்கள் "பாதுகாப்புக்காக" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படி யாராவது வைத்திருந்தால் அது தொலைந்த கடப்பிதழ் அல்ல. கேட்டு வாங்க வேண்டிய கடப்பிதழ். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, சட்டபூர்வ அதிகாரமின்றி இன்னொருவர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அது மலேசியச் சட்டம் என்றாலும், கடப்பிதழை யாரும் பிணையாக வைத்துக்கொள்ளும் பொருளாக நினைக்கக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான வாசகம் தேவையில்லை.

தேடாமலேயே "தொலைந்துவிட்டது" என்று புகார் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புகார் பதிவாகி, தூதரகம் அந்தக் கடப்பிதழை ரத்து செய்த பிறகு, அது பழைய சட்டைப்பையிலிருந்தே கிடைத்தாலும் பயன்படாது. இண்டர்போல் 2002இல் தொடங்கிய, களவுபோன, தொலைந்த பயணப் பத்திரங்களின் கணினிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. நாடுகள் தங்கள் கடப்பிதழ் எண்களை அதில் சேர்க்கின்றன. எல்லைச் சாவடிகள் அதைப் பார்த்துச் சரிபார்க்கின்றன. கிடைத்துவிட்டதே என்று ரத்தான கடப்பிதழோடு பயணம் செய்யப் புறப்பட்டவர், ஏதோ ஒரு நாட்டின் முகப்பில் விசாரணை அறைக்குள் உட்கார வேண்டிவரும்.

புகார் கொடுக்காமல் இருப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. மலேசியர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2014 மார்ச் 8ஆம் தேதி காணாமற்போன எம்எச் 370 விமானத்தில் இருவர், தாய்லாந்தில் களவுபோன ஆஸ்திரிய, இத்தாலியக் கடப்பிதழ்களில் பயணம் செய்தார்கள். அவை 2012, 2013ஆம் ஆண்டுகளில் களவுபோனவை. இண்டர்போல் பட்டியலிலும் இருந்தன. ஆனால் யாரும் பார்க்கவில்லை. அந்த இருவருக்கும் பயங்கரவாதத் தொடர்பு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தக் கடப்பிதழ்களின் உண்மையான சொந்தக்காரர்களின் பெயர்கள் விபத்துச் செய்தியோடு சேர்ந்து உலகம் முழுவதும் ஒலித்தன. அவர்கள் ஒழுங்காகப் புகார் கொடுத்திருந்தார்கள். அதனால்தான், தாங்கள் அந்த விமானத்தில் இல்லை என்பதை உடனே காட்ட முடிந்தது. தொலைந்த கடப்பிதழ் யார் கையில், எந்தப் பெயரில் எங்கே போகிறது என்பது தொலைத்தவருக்குத் தெரியப்போவதில்லை. புகார் ஒன்றுதான் அவரைக் காப்பாற்றும் காகிதம்.

காவல் நிலையத்தில் பெயர்ச் சிக்கல்

ஆக, ஒரு நாள் தேடிக் கிடைக்காவிட்டால் அடுத்த நாளே காவல் நிலையம். தமிழ்நாட்டுக் காவல்துறையின் இணையத்தளத்தில் தொலைந்த ஆவணங்களைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. கடப்பிதழும் அதில் அடங்கும். இருந்தாலும் வெளிநாட்டவர் நேரில் போய்ப் புகார் கொடுத்து, முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகலை வாங்கிக்கொள்வதே நல்லது. நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பலாம். களவு என்றால் எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழையும் சில வேளைகளில் பின்னால் கேட்பார்கள். எந்தக் காகிதம் போதும் என்பதைத் தூதரகத்திடம் தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனால் இரண்டு நடை மிச்சம்.

இந்தக் கட்டத்தில் மலேசிய இந்தியர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லை காத்திருக்கிறது: பெயர். நம் கடப்பிதழில் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி என்று இருக்கும். மலாயில் மகன், மகள் என்பதன் சுருக்கம் அது. தமிழ்நாட்டில் அந்த வழக்கம் இல்லை. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு எழுதுவதுதான் அங்கே வழக்கம். எழுத்தர் நல்லெண்ணத்தோடு அப்படியே எழுதிவிடுவார். கடப்பிதழில் ஒரு பெயர், புகாரில் வேறொரு பெயர், விசாவில் சாய்கோடு விடுபட்ட மூன்றாவது பெயர். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டிய வேலை பின்னால் அந்த மாணவர் தலையில்தான் விழும். ஆகவே கடப்பிதழில் உள்ளபடியே பெயர், கடப்பிதழ் எண், பிறந்த தேதி, விசா எண், தொலைந்த இடம், நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய், அதைப் பார்த்து எழுதும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். புகாரை வாங்கியவுடன் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

"எண்ணே தெரியாதே, நகலும் எடுத்து வைக்கலையே" என்று பிள்ளை தொலைபேசியில் கலங்கும்போதுதான் வீட்டில் இருப்பவர்களின் வேலை தொடங்குகிறது. மலேசியக் கடப்பிதழில் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். அந்த எண் தெரிந்தால் குடிநுழைவுத் துறையின் பதிவேட்டில் தேட வழியுண்டு. அதற்கும் முன்பு வீட்டிலேயே பார்க்கலாம். விமானச் சீட்டு வாங்கியபோது கொடுத்த விவரம், இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தபோது வந்த மின்னஞ்சல், கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தோடு அனுப்பிய நகல்கள், கல்விக் கடன் கோப்பு, காப்புறுதிப் பத்திரம், முகவரிடம் கொடுத்த கட்டு. இவற்றில் ஏதாவது ஒன்றில் கடப்பிதழின் முதல் பக்கம் ஒளிந்திருக்கும். விசாப் பக்கத்தின் நகல் கிடைத்தால் அது இன்னும் பெரிய புதையல். காரணம் சற்றுப் பின்னால் வருகிறது.

பிறப்புப் பத்திரம் வீட்டில் இல்லை என்றால், தேசியப் பதிவிலாகாவில் பெற்றோரே அதன் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். தாய் தகப்பனின் அடையாள அட்டை நகல், மாணவரின் அடையாள அட்டை நகல், கல்லூரியில் படிக்கிறார் என்ற உறுதிக் கடிதம் ஆகியவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறவர்கள், நான்கு மூலையும் தெரிகிறதா, விளக்கு வெளிச்சம் எழுத்தின் மேல் விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தால் நல்லது. மங்கலான நகலுக்காக ஒரு வாரம் வீணானால் அது அநியாயம்.

ஆனால் பெற்றோரால் செய்ய முடியாத ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பதிலாக விண்ணப்பிக்க முடியாது. கடப்பிதழ் கைரேகையோடும் முகத்தோடும் கட்டப்பட்ட ஆவணம். 1998இலேயே மின்னியல் சில்லு பொருத்திய கடப்பிதழை வெளியிட்ட நாடு மலேசியா. ஆகவே சம்பந்தப்பட்டவர் நேரில் போயே ஆக வேண்டும். "எனக்குத் தெரிஞ்ச ஆள் புத்ராஜெயாவுல இருக்காரு, இங்கேயே எடுத்து அனுப்பிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இந்தியாவில் மலேசியாவுக்குப் புதுடில்லியில் தூதரகமும் சென்னையிலும் மும்பையிலும் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. சிங்கப்பூருக்கும் அதே மூன்று ஊர்களில்தான். தமிழ்நாட்டு மாணவருக்குச் சென்னை போதும்; டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. போவதற்கு முன் நேரம் குறித்துக்கொள்வது நல்லது. தொலைத்ததற்கான கூடுதல் கட்டணமும் விசாரணையும் இருக்கும். முதல் தடவை தொலைத்தவரை ஒரு மாதிரியும், மூன்றாம் தடவை வந்து நிற்பவரை வேறு மாதிரியும் அதிகாரிகள் பார்ப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடப்பிதழை விற்றுவிட்டுத் தொலைந்தது என்று சொல்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

அவசரச் சான்றிதழா, புதுக் கடப்பிதழா?

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இதுதான். குடும்பம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடமும் இதுதான்.

தூதரகம் இரண்டு வழிகளில் உதவும். ஒன்று, முழுமையான புதிய கடப்பிதழ். அதற்கு நாள் பிடிக்கும். இன்னொன்று, அவசரச் சான்றிதழ். இது சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஒரு வழிப் பயணத்துக்கு மட்டுந்தான், அதுவும் சொந்த நாட்டுக்குத் திரும்புவதற்கு மட்டுந்தான். சிங்கப்பூரர்களுக்கும் இதே போன்ற ஓர் அடையாளப் பத்திரத்தை அவர்களின் தூதரகம் கொடுக்கும். சுற்றுலாவுக்குப் போனவருக்கும் யாத்திரைக்குப் போனவருக்கும் இரண்டாவது வழியே சரி. பழனிக்கும் திருப்பதிக்கும் போய்விட்டு ஊர் திரும்புகிறவருக்கு இந்திய விசா போனால் என்ன, வந்தால் என்ன?

அங்கேயே வாழ்கிறவர் நிலை அப்படியல்ல. மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் அவசரச் சான்றிதழோடு ஊர் வந்து சேர்ந்தால், தொலைந்த கடப்பிதழில் இருந்த மாணவர் விசா அவரோடு வராது. ஊரில் புதுக் கடப்பிதழ் எடுத்து, அதில் மறுபடியும் இந்திய விசாவுக்கு முதலிலிருந்து விண்ணப்பித்து, அது வரும்வரை கோலாலம்பூரில் காத்திருக்க வேண்டிவரும். இடையில் ஒரு தேர்வு போனால் ஒரு பருவம் போனது. மாறாக, அங்கேயே இருந்து புதுக் கடப்பிதழ் எடுத்து, அதில் விசாவையும் பதிந்துகொண்டால் படிப்பு தடைப்படாது. ஆனால் அந்த வாரங்களில் ஊருக்கு வர முடியாது.

சாதாரண நேரமென்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, காத்திருப்பதே நல்லது. தகப்பனார் மருத்துவமனையில் இருக்கும்போது? தாத்தாவின் இறுதிச் சடங்குக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பேரன் அங்கே இருக்கும்போது? "எப்படியாச்சும் கிளம்பி வாய்யா" என்று வீட்டில் அழுவார்கள். பிள்ளையும் கிளம்பிவிடும். வரக்கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் வந்தால் என்ன போகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, காரணத்தைச் சொல்லி, திரும்பி வருவதற்கு ஆதரவுக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டால் மறு விசாவுக்கு அது கைகொடுக்கும். அழுகையின் நடுவே இந்த ஒரு கடிதம் மறந்துபோவதுதான் பின்னால் பெரிய செலவாக முடிகிறது. வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர், அக்காவோ மாமாவோ, இதை நினைவுபடுத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கும் அனுமதி வேண்டும்

அவசரச் சான்றிதழ் கையில் வந்துவிட்டது, திருச்சியிலிருந்து இரவு விமானம், சில மணி நேரத்தில் வீடு என்று கிளம்பிவிடக்கூடாது. இந்தியாவை விட்டு வெளியேறவும் அனுமதி வேண்டும். எந்த விசாவில், எந்தத் தேதியில் உள்ளே வந்தார் என்பதற்கான முத்திரை தொலைந்த புத்தகத்தோடு போய்விட்டது. வெறும் புதுக் கடப்பிதழோடு குடிநுழைவு முகப்பில் நிற்பவர், வந்த வழியே தெரியாத ஆள். எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திடம் வெளியேறும் அனுமதி பெற்ற பிறகே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். தொடர்ந்து தங்கிப் படிப்பவர் என்றால் அதே அலுவலகத்தில் விசாவைப் புதுக் கடப்பிதழுக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையில் இந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ள சாஸ்திரி பவனில் இருக்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். 2018இல் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணையச் சேவை வந்த பிறகு விண்ணப்பமும் ஆவணங்களும் இணையம் வழியாகவே போகின்றன; கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும். காவல்துறைப் புகார், தூதரகக் கடிதம், புதுக் கடப்பிதழ் அல்லது அவசரச் சான்றிதழ், பழைய கடப்பிதழின் நகல், விசாப் பக்கத்தின் நகல், தங்கும் இடத்துக்கான சான்று, புகைப்படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். விசா நகல் இருந்தால் அதிகாரிக்குத் தேடும் வேலை குறைகிறது, விண்ணப்பம் நகர்கிறது. புதையல் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். புகைப்படத்திலும் ஒரு சின்ன விஷயம்: இந்தியா கேட்பது இரண்டு அங்குலச் சதுரப் படம், மலேசியக் கடப்பிதழுக்கு எடுக்கும் நீளவாக்குப் படம் அங்கே செல்லாது. இரண்டு அளவிலும் ஒரே நேரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தங்கும் இடத்துக்கான சான்று என்றவுடன் இன்னொரு சங்கடம் எழுகிறது. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் ஹோட்டல் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். சி பாரம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய நடைமுறை அது. காரைக்குடியில் பெரியம்மா வீட்டில் ஒரு மாதம் தங்கியவருக்கு இது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்; பெரியம்மாவுக்கே தெரியாது. "சொந்தக்காரப் பிள்ளைதானே, இதுக்கெல்லாமா போலீசுக்குச் சொல்லணும்" என்று கேட்பார். சொல்ல வேண்டும். கடப்பிதழ் தொலைந்த நாளில்தான் அந்தப் பதிவின் அருமை தெரியும். அதேபோல, 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போனவர் வந்து சேர்ந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழும் மின்னஞ்சலில்தான் வரும். அதைப் பெற்றோருக்கும் அனுப்பி வைத்திருந்தால் இன்று அதுவே பாதி அடையாளம்.

பயந்துபோய் எதுவும் செய்யாமல் விசாக் காலம் முடியும்வரை உட்கார்ந்திருப்பதுதான் மிக மோசமான வழி. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த இந்தியாவின் புதிய குடிநுழைவு, வெளிநாட்டினர் சட்டம், 1920, 1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்திருக்கிறது. அதன்படி விசாக் காலம் கடந்து தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறையும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தொலைத்தது குற்றமல்ல; சொல்லாமல் இருந்து காலம் கடத்துவது குற்றமாக மாறும்.

மற்ற நாடுகளில்

சில நாடுகளில் இந்தப் பாதிச் சுமை குறைந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2015 செப்டம்பரிலிருந்து கடப்பிதழில் விசா ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. பிரிட்டனில் மாணவர்கள் வைத்திருந்த தங்கும் அனுமதி அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகி, இப்போது அனுமதி கணினிப் பதிவாக இருக்கிறது. அங்கே கடப்பிதழைத் தொலைத்தவர் புதியதை எடுத்து, அதன் எண்ணைத் தன் இணையக் கணக்கில் மாற்றினால் போதும். அந்தச் சின்ன மாற்றத்தைச் செய்யாமல் விமான நிலையத்துக்குப் போனால், விமான நிறுவனத்தின் திரையில் அனுமதி தெரியாது. அட்டை இல்லை என்பதற்காக வேலை இல்லை என்று நினைத்துவிடக்கூடாது.

அமெரிக்கா இன்னும் அட்டையை விடவில்லை. அங்கே நிரந்தரவாசியாக இருக்கும் அண்ணன், தீபாவளிக்கு ஈப்போ வந்த இடத்தில் கிரீன் கார்டைத் தொலைத்தால், ஐ-131ஏ என்ற விண்ணப்பத்துக்கான கட்டணத்தை முதலில் இணையத்தில் செலுத்திவிட்டு, கோலாலம்பூரில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு அவரே நேரில் போக வேண்டும். விமானம் ஏறுவதற்கான ஓர் ஒட்டுத்தாளைக் கடப்பிதழில் ஒட்டித் தருவார்கள். புது அட்டைக்கு ஐ-90 பாரத்தை அமெரிக்கா திரும்பிய பிறகே போடுவது. இதுவும் வெளியேறி ஓராண்டுக்குள் திரும்புகிறவர்களுக்கே. மறுநுழைவு அனுமதி எடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இரண்டாண்டு. அதற்கு மேல் தங்கிவிட்டால் கேள்வி அட்டையைப் பற்றியதல்ல, நிரந்தரவாசத்தைப் பற்றியதே.

சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் மலேசியர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. நீல அடையாள அட்டை கையில் இருந்தால் எல்லாம் பத்திரம் என்பார்கள். சிங்கப்பூரை விட்டு வெளியே இருக்கும்போது நிரந்தரவாசத்தைக் காப்பது அட்டையல்ல, மறுநுழைவு அனுமதி. கடப்பிதழைத் தொலைத்துப் புதியது எடுத்தவர், அந்த அனுமதியைப் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 2025 டிசம்பர் 1 முதல், செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியே இருப்பவருக்கு, அதற்கு விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் என்று விதி வந்திருக்கிறது. விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாசமே போய்விடும். நீல அட்டையும் சேர்ந்து தொலைந்தால் அதையும் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மருமகள் அங்கே, கணவர் இங்கே

இதே கதை எதிர்த்திசையிலும் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி மலேசியா வந்த பெண், தலைப் பிரசவத்துக்கோ தங்கை கல்யாணத்துக்கோ தாய்வீடு போன இடத்தில் கடப்பிதழைத் தொலைத்துவிடுகிறார். அவர் இந்தியப் பிரஜை என்பதால் அங்கே அவருக்குத் தூதரகம் வேண்டியதில்லை. காவல்துறைப் புகாரோடு, எஃப் இணைப்பு எனப்படும் உறுதிமொழியையும் சேர்த்து, கடப்பிதழ்ச் சேவை மையத்தில் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் புதிய கடப்பிதழில் மலேசியா கொடுத்த மனைவியருக்கான நீண்டகால வருகை அனுமதி இருக்காது.

அந்த அனுமதிக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர் கணவர். ஆகவே இங்கே ஓட வேண்டியவரும் அவர்தான். மனைவி புது அனுமதியின்றிச் சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உள்ளே வந்த பிறகு ஒருவகை அனுமதியை இன்னொரு வகையாக மாற்றுவது எளிதல்ல. விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே, அனுமதியைக் கொடுத்த குடிநுழைவு அலுவலகத்துக்குத் திருமணச் சான்றிதழ், பழைய அனுமதியின் நகல், இந்தியக் காவல்துறைப் புகார், புதிய கடப்பிதழின் நகல் ஆகியவற்றோடு கணவர் நேரில் போய், எந்த வழியில் மனைவி திரும்ப வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. மாமியார் வீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் நடுவே அந்தப் பெண்ணும் கைக்குழந்தையும் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் சட்டம் காரணமல்ல. யார் எங்கே போய்க் கேட்பது என்று இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதே காரணம். குழந்தைக்கு மலேசியக் கடப்பிதழ் இருந்தால் அதைத் தாயின் பையில் வைக்காமல் தனியே வைத்திருப்பது நல்லது.

பணம் கேட்டு வரும் அழைப்பு

கடப்பிதழ் தொலைந்த செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிடும். பிள்ளை முகநூலில் போட்டிருக்கும், உறவினர் புலனக் குழுவில் பகிர்ந்திருப்பார். அடுத்த நாள் ஓர் அழைப்பு: "நாங்க தூதரகத்திலிருந்து பேசறோம், உங்க மகன் பிரச்சினையில மாட்டிக்கிட்டாரு, உடனே இந்தக் கணக்குல பணம் போடுங்க." பிள்ளை கடப்பிதழையே தொலைக்காதபோதும் இப்படி அழைப்புகள் வருகின்றன. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தாலே ஏமாற்றுக்காரர்களுக்குப் போதும். எந்தத் தூதரகமும் தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளையின் எண்ணுக்கு நேரடியாக அழைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் விடுதிக்கோ கூடப் படிக்கும் பிள்ளைக்கோ அழைக்க வேண்டும். பிறகு தூதரகத்தின் எண்ணை அதன் சொந்த இணையத்தளத்திலிருந்து எடுத்துப் பேச வேண்டும், வந்த அழைப்பின் எண்ணுக்குத் திரும்பப் பேசக்கூடாது.

"சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று தூதரக வாசலில் நிற்கும் தரகர்களுக்கும் இதே பதில்தான். பாரம் நிரப்பக் காசு வாங்குவது ஒன்று. அசல் புகாரையும் பிறப்புப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு போவது வேறு. பிள்ளைக்குக் கைச்செலவுக்கு அனுப்பும் பணமும் வங்கிக்குப் போய்க் கடப்பிதழைக் காட்டி வாங்கும் வகையில் அனுப்பினால் வீண். இல்லாத கடப்பிதழை அது எப்படிக் காட்டும்? அங்கே நம்பிக்கையான ஒருவர், கல்லூரி ஆசிரியரோ உறவினரோ, தம் பெயரில் வாங்கிக் கையில் கொடுக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.